தாத்தாவின் ஜீப்புக்கு டீசல் இன்ஜின் மாட்டலாமா?

கேள்வி: காபித் தோட்டத்துக்காக எங்கள் தாத்தா வாங்கிய 1972 மாடல் மகிந்திரா பெட்ரோல் ஜீப் இன்னும் எங்களிடம் இருக்கிறது. ஃபோர் வீல் நன்றாக விழுகிறது. ஆனால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது, பெட்ரோலும் கட்டுப்படியாகவில்லை. பழைய வண்டிகளை உடைக்கும் கடையில் எம்.டி.ஐ. டீசல் இன்ஜின் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். மெக்கானிக் பத்து நாளில் மாட்டித் தருவதாகச் சொல்கிறார். இழுவை இரண்டு மடங்காகும் என்கிறார். செய்யலாமா ஐயா? இதே கியர் பெட்டி தாங்குமா?
– வாசகர், தாண்டிக்குடி

பதில்: வேண்டாம். ஆசை புரிகிறது, ஆனாலும் வேண்டாம்.

முதலில் இழுவைக் கதை. பானெட் உயரமான ஜீப் என்றால் உங்களுடையது சி.ஜே.3பி. பானெட்டை உயர்த்த வேண்டி வந்ததே உள்ளே இருக்கும் ஹரிக்கேன் இன்ஜினால்தான். 2,199 சி.சி.; காற்று வாங்கும் வால்வு மேலே ஹெட்டில், புகை வால்வு பக்கவாட்டில் பிளாக்கில். இதை உருவாக்கிய அமெரிக்க வில்லிஸ் கம்பெனி கொடுத்த கணக்கில் இதன் டார்க் சுமார் 155 நியூட்டன் மீட்டர், அதுவும் 2,000 சுற்றிலேயே. பிற்பாடு எம்.எம்.540 ஜீப்பில் மகிந்திரா வைத்த பெஜோ டீசலுக்குச் சுமார் 121தான். அந்தக் கால அமெரிக்க அளவீடு கொஞ்சம் தாராளமானது. அதைக் கழித்துக்கொண்டாலும் ‘இரண்டு மடங்கு’ எங்கேயும் வராது. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் எம்.டி.ஐ. 2,523 சி.சி., இன்டர்நேஷனல் டிராக்டர் இன்ஜினின் வம்சம். அதுவும் அந்த அளவுக்கு இழுக்காது. டீசல் ஜீப் மேட்டில் பலசாலியாகத் தோன்றுவதற்குக் காரணம் கவர்னர். பாரம் ஏறினால் அதுவே டீசலைக் கூட்டிக் கொடுக்கும். மெல்ல ஊர்ந்தாலும் வண்டி அணையாது.

அடுத்தது வேகம். உங்கள் ஜீப்பின் பின் ஆக்சில் விகிதம் 5.38. ஹரிக்கேன் 4,000 சுற்று வரை போகும். எம்.டி.ஐ.யை 3,000க்கு மேல் விரட்டுவது நல்லதல்ல. 6.00-16 டயரில், டாப் கியரில் 3,000 சுற்று என்றால் சுமார் 75 கிலோமீட்டர். நிம்மதியாக ஓட்ட 55. தோட்டத்துக்குள் இது குறையே இல்லை. மதுரை வரை போய்வர நினைத்தால் காது வலிக்கும்.

கியர் பெட்டி தாங்குமா என்று கேட்டீர்கள். பல்லுக்கு ஆபத்தில்லை. ஆபத்து இன்ஜினும் பெட்டியும் சேரும் இடத்தில். இரண்டுக்கும் நடுவே லேத்தில் கடைந்த ஒரு அடாப்டர் பிளேட் வரும். கிராங்க் மையமும் கியர் பெட்டி ஷாஃப்ட் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும்; மயிரிழை விலகினாலும் ஸ்பிகாட் பேரிங் தேயும், கிளட்ச் உதறும், கடைசியில் ஷாஃப்டே போகும். டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல் கண்ணளவில் பூட்டிய ஒரு ஜீப் என்னிடம் வந்தது. ஒரே மழைக்காலத்தில் மூன்று கிளட்ச் பிளேட் மாற்றியிருந்தார்கள். ‘பத்து நாள்’ என்பவரிடம் டயல் கேஜ் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

இன்ஜினை மாட்டியதும் வேலை முடிந்துவிடாது. இன்ஜெக்டரில் மிஞ்சும் டீசல் டேங்குக்குத் திரும்ப ரிட்டர்ன் லைன் வேண்டும். பெட்ரோல் டேங்கில் அது கிடையாது. தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், கனத்த பேட்டரி, பெரிய ரேடியேட்டர், இன்ஜினை அணைக்க இழுக்கும் கேபிள் எல்லாம் புதிதாக வரவேண்டும். டீசலின் அதிர்வு பழைய சேஸிஸில் விரிசல் விழ வைக்கும். கனம் தாங்காமல் முன் பட்டைகள் படுக்கும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது இறக்கம். பெட்ரோல் வண்டியில் காலை எடுத்தால் த்ராட்டில் மூடிக்கொள்ளும். இன்ஜின் காற்றுக்குத் திணறி வண்டியைப் பிடித்து நிறுத்தும். டீசலில் பொதுவாக அந்த அடைப்பு இல்லை. லாரிகளுக்கு எக்ஸாஸ்ட் பிரேக் வைப்பதே இதற்காகத்தான். பூஸ்டர் இல்லாத நான்கு டிரம் பிரேக்கை மட்டும் நம்பி, முன்னைவிடக் கனமான வண்டியில், மிளகு மூட்டையோடு வத்தலக்குண்டுக்கு இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

இனி சட்டம். பக்கத்துத் தோட்டத்து ஜீப்பில் டீசல் ஓடுகிறதே என்பீர்கள். ஆர்.சி.யில் பதிந்து டீசலுக்கு மாற்றிக்கொண்ட வண்டிகள் அந்தக் காலத்தில் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு 2000ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. கேஸ், பேட்டரி போன்ற வேறு எரிபொருளுக்கு மாற, நிபந்தனைக்கு உட்பட்ட கன்வர்ஷன் கிட்டுக்கு மட்டும் விலக்கு. உடைப்புக் கடை இன்ஜின் அதில் சேராது. 2019 ஜனவரியில், கேரள வழக்கு ஒன்றில், உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைக் கறாராகவே படித்தது. அதே ஆண்டுத் திருத்தப்படி, அனுமதியில்லா மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்து, ஆர்.சி.யில் பெட்ரோல், பானெட்டுக்குள் டீசல் என்று தெரிந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க நீங்களே வழிசெய்து கொடுத்ததாகும். அந்தப் பழைய இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கும் பில் கேளுங்கள். திருட்டு வண்டியின் நம்பராக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பணக் கணக்கும் பார்ப்போம். மாதம் 300 கிலோமீட்டர். பெட்ரோலில் லிட்டருக்கு 7, டீசலில் 12 கிடைப்பதாகவும், விலை 100 ரூபாய், 92 ரூபாய் என்றும் வையுங்கள். மாதம் மிச்சம் சுமார் 2,000 ரூபாய். மாற்றும் வேலை இரண்டு லட்சத்தில் முடிந்தாலும் அந்தப் பணத்தை எடுக்க எட்டு வருஷத்துக்கு மேலாகும்.

என் யோசனை இதுதான். ஹரிக்கேனை இறக்கிப் பிரித்து, போர் அளந்து, பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றுங்கள். புகை வால்வுகளைக் கட்டாயம் பாருங்கள். முதலில் கருகுவது அவைதான். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடும். அதனால் ஹோஸ்களையும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் வகையில் போடுங்கள். பிளாக் அதேதான், நம்பரும் அதேதான், ஆர்.சி.யைத் தொட வேண்டியதே இல்லை. டீசல் ஜீப்தான் வேண்டும் என்றால், கம்பெனியிலிருந்தே டீசலாக வந்த எம்.எம்.540 ஒன்றை, ஆர்.சி.யில் டீசல் என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

அந்த இன்ஜினுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால், இந்த வாரமே திரும்பக் கேளுங்கள்.