ஆஸ்பத்திரி பெஞ்சில் என்ன படிப்பது?

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். குன்னம் பக்கத்துக் கிராமத்திலிருந்து விடிவதற்குள் பஸ் பிடித்துப் பெரம்பலூர் வந்து, அவரை உள்ளே அனுப்பிவிட்டு நாலு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள். போனை எடுத்தால் கிரியாட்டினின், மாற்றுச் சிறுநீரகம் என்று தேடித் தேடிப் படித்துப் பயம்தான் கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். "மனசு கொஞ்சம் அடங்குகிற மாதிரி ஒரு புத்தகம் சொல்லுங்கள். தன்னம்பிக்கைப் புத்தகம் மட்டும் வேண்டாம்" என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம் என்று நீங்கள் சொன்னது சரிதான். ஓடி ஓடிக் களைத்தவரிடம் இன்னும் ஓடு என்று சொல்லும் புத்தகங்கள் அவை. நல்ல நாளில் படித்துக்கொள்ளலாம். இப்போது உங்களுக்கு வேண்டியது, எந்த வேலையும் வாங்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர். அப்படி ஒருவர் உங்கள் ஊர்க்காரர் என்றே சொல்லலாம். உ.வே.சாமிநாதையர். புத்தகம், 'என் சரித்திரம்'.

தாத்தா காலத்துப் புலவர், ஓலைச்சுவடி, கடினத் தமிழ் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். பாடப்புத்தகத்தில் பார்த்த தலைப்பாகைப் படத்தையும் மறந்துவிடுங்கள். இந்தப் புத்தகத்தில் வருபவர் முதலில் ஒரு சின்னப் பையன். அப்பா சங்கீத வித்துவான். உடையார்பாளையம் ஜமீனின் ஆதரவில் இருந்த கனம் கிருஷ்ணையரிடம் பாட்டுக் கற்றவர். நிரந்தர வருமானம் கிடையாது. ராமாயணப் பிரசங்கம் செய்து, ஊரார் கொடுப்பதைக் கொண்டு குடும்பம் நடத்துகிறார். ஓர் ஊரில் ஆதரவு குறைந்தால் அடுத்த ஊர். அந்த ஊர்கள் எவை தெரியுமா? அரியலூர், உங்கள் குன்னம், கார்குடி, பெரம்பலூரை ஒட்டிய செங்குணம். புத்தகத்தில் அது 'செங்கணம்' என்று இருக்கும், தேடும்போது குழம்ப வேண்டாம்.

பையனுக்குத் தமிழில் ருசி உண்டாக்கியவர் அரியலூர்ச் சடகோபையங்கார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம் பாடம். செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை. ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்து, இதற்கு மேல் இன்னாரிடம் போ என்று வழிகாட்டுகிறார்கள். பிள்ளையின் படிப்புக்காகவும் ஒரு தகப்பன் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். இன்றைக்கு அரியலூர் என்றால் சிமென்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் லாரியும்தான் நினைவுக்கு வருகின்றன. அதே மண்ணில் 1860களில் ஒரு குடும்பம் அரிசிக்கும் தமிழுக்கும் அலைந்த கதை இது. பஸ் ஜன்னலில் நீங்கள் பார்க்கிற ஊர்ப் பெயர்ப்பலகைகள் பக்கம் பக்கமாக வரும்.

இதில் வறுமை உண்டு, கடன் உண்டு, ஏமாற்றம் உண்டு. எதையும் மறைக்கவில்லை. ஆனால் யார் மேலும் கசப்பு இல்லை. உதவி செய்தவர்களின் பெயர்களை மட்டும் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே போகிறார். அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு வேளை சாப்பாடு போட்டவர் பெயர்கூட அவருக்கு நினைவிருக்கிறது. கஷ்ட காலத்தில் படிக்க இதைவிடப் பொருத்தமான மனசு எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இது 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் தொடராக ஆரம்பித்தது. அப்போது ஐயருக்கு 84 வயது. இரண்டாம் உலகப்போர் தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அடுத்த இரண்டு வருஷத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்ற பயத்தில் சென்னையே காலியானது. அவரும் குடும்பத்தோடு திருக்கழுக்குன்றத்துக்குப் போனார். அங்கேதான் 1942 ஏப்ரல் 28 அன்று காலமானார். அந்தப் போர்க்காலத்தில், வாரா வாரம், தமிழ் வீடுகளுக்கு இந்தப் பையனின் கதை வந்துகொண்டே இருந்தது. பத்திரிகையின் மற்றப் பக்கங்களில் யுத்தச் செய்தி படித்தவர்கள், இந்தப் பக்கத்துக்கு வந்ததும் குன்னத்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். 122 அத்தியாயங்களோடு தொடர் நின்றுபோனது. 1950இல் புத்தகமாக வந்தது.

வாரப் பத்திரிகைக்கு எழுதியதால் அத்தியாயங்கள் சின்னவை. நர்ஸ் கூப்பிட்டால் மூடி வைத்துவிட்டுப் போகலாம், திரும்பி வந்து தொடரலாம். கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்து மாவட்டம் ஆயிற்றே, 'பொன்னியின் செல்வன்' படிக்கலாமா என்று நீங்கள் நினைக்கலாம். அதுவும் வாராவாரம் வந்த தொடர்தான், 1950 முதல் 1954 வரை. எனக்கு உயிரான நாவல். ஆனாலும் இப்போது வேண்டாம். அத்தியாயத்துக்கு அத்தியாயம் அடுத்து என்ன ஆகுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்படி முடிப்பார் கல்கி. உங்களுக்கு ஏற்கெனவே அது போதும். அப்பா குணமாகி, நிம்மதியாக ஒரு மே மாதம் வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

'என் சரித்திரம்' முழுவதையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டியதில்லை. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேரும் வரை முதலில் படியுங்கள். குரு 1876இல் மறையும் பகுதி கனமானது. நோயும் கடைசி நாட்களும் அதில் வருவதால் அதைத் தாண்டிப் போய்விடுங்கள், பிறகு ஒரு நாள் திரும்பி வரலாம். சுவடி தேடி அலையும் பின்பகுதியை அப்பாவே விரும்பக்கூடும்.

அப்பா என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. டயாலிசிஸ் நடக்கும்போது ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. ஒரு கையால் தடிப்புத்தகத்தைப் பிடித்துப் படிப்பது அவரால் ஆகாது. உள்ளே உட்கார அனுமதித்தால் மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். அனுமதி இல்லாவிட்டால், திரும்பிப் போகும் பஸ்ஸில் அன்றைக்குப் படித்ததைச் சொல்லுங்கள். சின்ன வெங்காய விலையும் சிகிச்சைச் செலவும் தவிர அப்பாவும் மகளும் பேசிக்கொள்ள வேறு ஒரு விஷயம் கிடைக்கும். கார்குடி, செங்குணம் என்றதும் அவர் தமக்குத் தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார் பாருங்கள்.

இது முடிந்தால் அடுத்து என்ன என்பீர்கள். சிட்டியும் தி.ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'. காவிரி ஓடும் வழியெல்லாம் போன பயணம். அரியலூரின் தெற்கு எல்லையில் கொள்ளிடம் ஓடும் உங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஒட்டும். பிறகு மா.கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகள், தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்'. ஒரு கட்டுரை படித்துவிட்டு ஆஸ்பத்திரி வளாகத்து வேப்பமரத்தை அண்ணாந்து பாருங்கள். கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது, குளிர்காலத்தில் ஒரு நடை போய் வாருங்கள்.

புத்தகத்தால் ஆகாததும் உண்டு. இரவுத் தூக்கம் வாரக்கணக்கில் இல்லாமலே போனால், எதிலும் பிடிப்பில்லை என்று தோன்றினால், புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமனாஸ் எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர் உடம்பையும் யாராவது பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் 2013 முதல் மனநலத்துக்கு உதவும் புத்தகங்களை மருத்துவர்களே பரிந்துரைக்க, மக்கள் பொது நூலகத்தில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. நம் ஊரில் டாக்டர் சீட்டில் புத்தகம் எழுதித்தர நாளாகும். அதுவரை நாமே போய் எடுத்துக்கொள்வோம். பெரம்பலூரிலும் அரியலூரிலும் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. டயாலிசிஸ் முடியக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு நாள் போய் உறுப்பினராகி, 'என் சரித்திரம்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். உ.வே.சா.வின் எழுத்துக்குக் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் போனில் படிக்க வேண்டாம் என்பேன். பயமுறுத்துகிற தேடலெல்லாம் அதே போனில்தானே இருக்கிறது.

நூலகத்தில் கிடைக்கவில்லை என்றால் ஒரு வரி எழுதுங்கள், என்னிடம் இருக்கும் பிரதியை அனுப்பி வைக்கிறேன். அவசரமாகத் திருப்பித் தர வேண்டியதில்லை. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்