நம்பிக்கைகளும் உண்மைகளும்: அண்ணனின் எம்ஜிபிக்கு ஒரு சூப்பர்சார்ஜர்

சிங்கப்பூரின் தெம்பனிஸ் ஸ்ட்ரீட் 93 பட்டறை வரிசையில் போன சனிக்கிழமை, தெரிந்த அண்ணன் ஒருவர் தம் 1968 எம்ஜிபி காரின் பானட்டைத் திறந்துவைத்து நின்றிருந்தார். பக்கத்து மேசையில், பழந்துணி விரித்து, எங்கிருந்தோ வரவழைத்த ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர். "இதைப் போட்டா வண்டி பறக்கும்ல தம்பி?" என்றார்.

நம்பிக்கை: அது காற்றைத் தனக்குள்ளேயே நசுக்கி அனுப்புகிறது.

மெக்கானிக் புல்லியைக் கையால் சுற்றிக் காட்டினார். உள்ளே முறுக்கிய மூவிதழ் உருளைகள் இரண்டு, ஒன்றையொன்று தொடாமல் சுழல்கின்றன. ஒரு பக்கம் காற்றை அள்ளி மறுபக்கம் தள்ளுவதோடு அவற்றின் வேலை முடிந்தது. எஞ்சின் குடிப்பதைவிட அதிகமாகத் தள்ளுவதால் மேனிஃபோல்டில்தான் அழுத்தம் ஏறுகிறது. அமெரிக்காவின் இந்தியானாவில் 1860 வாக்கில் ரூட்ஸ் சகோதரர்கள் உருவாக்கிய ஊதுபொறியின் வாரிசு இது.

நம்பிக்கை: டர்போ மாதிரி இதுவும் ஓசி பவர்.

டர்போ சுற்றுவது புகைபோக்கிக் காற்றில். இது சுற்றுவது கிராங்க் புல்லியிலிருந்து வரும் பெல்ட்டில். கொடுப்பதற்கு முன்பே எஞ்சினிடம் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும்.

நம்பிக்கை: 6 பிஎஸ்ஐ பூஸ்ட் என்றால் 40 சதவீதம் கூடுதல் பவர்.

அண்ணன் மயங்கியது இந்தக் கணக்கில்தான். வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ, அதில் 6 கூட்டினால் ஏறத்தாழ 1.4 மடங்கு, சரிதான். ஆனால் அழுத்தினால் காற்று சூடாகும், சூடானால் விரியும். நம் ஊரின் 30 டிகிரிக் காற்று, இந்த வகைப் பொறியின் வழியே போய் வெளியேறும்போது சுமார் 85 டிகிரி இருக்கும். 55 சதவீதத் திறன் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. அந்தச் சூட்டில் சிலிண்டருக்குப் போகும் காற்றின் எடை 20 சதவீதம் கூடினாலே பெரிது. அதிலும் பெல்ட் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் நின்றால் இன்னும் மோசம். பானட்டுக்குள் தேங்கிய அனலைத்தான், வழி கிடைத்ததும் சூப்பர்சார்ஜர் முதலில் உறிஞ்சும். இந்த எஞ்சினின் கம்ப்ரஷன் ஏற்கெனவே 8.8, சூடான காற்றை அதற்குமேல் திணித்தால் நாக்கிங் வரும், பிஸ்டன் ஓட்டையாகும். அதைத் தவிர்க்க 98 பெட்ரோல் போட்டு இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளலாம், எம்ஜிபிக்கே 8.0 கம்ப்ரஷன் பிஸ்டன்களும் உண்டு. குளிர் நாட்டுக்காரர் எழுதிய கிட் கையேட்டை இங்கே அப்படியே நம்புவது எனக்கு உவப்பில்லை.

நம்பிக்கை: பென்ட்லியே இப்படித்தான் ரேஸ் ஜெயித்தது.

சூப்பர்சார்ஜர் வைத்த பென்ட்லி ஒருமுறைகூட லே மான்ஸ் பந்தயத்தில் ஜெயிக்கவில்லை. 1930-இல் அங்கே பந்தய ஓட்டுநர் டிம் பிர்க்கின் அணியின் அத்தகைய வண்டிகள் பாதியில் நின்றன. ஜெயித்தது சூப்பர்சார்ஜர் இல்லாத ஸ்பீட் சிக்ஸ். நிறுவனர் டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு ஆரம்பத்திலிருந்தே இந்த யோசனை பிடிக்காது. அதே வருஷம் பாவ் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரியில் பிர்க்கின் இரண்டாமிடம் பிடித்ததையும் சொல்லிவிட வேண்டும்.

நம்பிக்கை: கிளாசிக் வண்டியை என்ன செய்தாலும் கேட்க ஆளில்லை.

35 வயது தாண்டிய கார் கிளாசிக் திட்டத்தில் வருஷத்துக்கு 45 நாள் ஓடலாம். அது ஓடும் நாளுக்கான சலுகை. எஞ்சினில் கைவைக்கும் சலுகை அன்று. இப்படிப்பட்ட மாற்றத்துக்கு முன்கூட்டியே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். காப்புறுதி நிறுவனத்திடமும் மறைக்கக் கூடாது.

"மொதல்ல கம்ப்ரஷன் டெஸ்ட் பார்த்துருவோம்ணே," என்றார் மெக்கானிக். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, கேஜை ஒவ்வொன்றாகத் திருகினார். ஒன்று, இரண்டு, நான்காம் சிலிண்டர்களில் முள் 150 பிஎஸ்ஐயைத் தாண்டியது. மூன்றாவதில் 110-இலேயே நின்றது. இன்னொருமுறை பார்த்தார், அதே 110.

அண்ணன் எதுவும் பேசாமல் எம்45-ஐத் துணியில் சுற்ற ஆரம்பித்தார்.