மழைப் படத்தைத் தேதியோடு சேமிப்போம்

 

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் மழைப் படங்கள் வரிசையாக வரும். ரேடார் படம், மழை அளவுப் பட்டியல், அணையின் நீர்வரத்தைக் காட்டும் வரைபடம் என்று பலவும் யாரோ ஒருவர் இணையப் பக்கத்தில் பார்த்து எடுத்துப் போட்டவை. அவற்றில் பாதிக்குத் தேதியே இருக்காது. இன்றைய படமா, போன வருடத்துப் படமா என்று தெரியாமல் ஒரு வீட்டார் பயந்துபோய்ச் சாமான்களைப் பரண் மேல் ஏற்றுகிறார்கள். இன்னொரு வீட்டார், "இதெல்லாம் பழசு" என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். முன்னது வீண் அலைச்சல். பின்னது உயிருக்கே ஆபத்து. ஆகவே, இணையப் பக்கத்தில் உள்ள வரைபடத்தை முறையாகச் சேமிப்பதையும் பகிர்வதையும் இந்த இதழில் ஒரு பாடமாகத் தருகிறோம்.

ஒரு நாள் மாறினால் என்ன ஆகும்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 1 காலைக் கணக்கில் நம் மாவட்டத்து மயிலத்தில் 51 செ.மீ. மழை பதிவானது. மறுநாள் காலைக் கணக்கில் விழுப்புரத்தில் 42 செ.மீ., கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மேற்கே பெய்த அந்த மழை சாத்தனூர் அணைக்கு வந்து சேர்ந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரை ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. டிசம்பர் 1ஆம் தேதிப் பட்டியலை மறுநாள் கையில் வைத்திருந்தவருக்கு ஊத்தங்கரை மழையும் தெரியாது, ஆற்றில் வரும் வெள்ளமும் தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்கு முடிகிறது. "டிசம்பர் 1" என்று போட்ட பட்டியலில் இருப்பது பெரும்பாலும் நவம்பர் 30 பகலிலும் இரவிலும் பெய்த மழை. அளவும் அப்படித்தான். ஓரிடத்தில் செ.மீ. என்றும், வேறோர் இடத்தில் மி.மீ. என்றும் போடுவார்கள். 51 செ.மீ. என்றால் 510 மி.மீ.; அதாவது ஒரு சதுர மீட்டர் தரையில் 510 லிட்டர் தண்ணீர். படத்தை வெட்டும்போது அந்த "செ.மீ." போய்விட்டால் கணக்கு பத்து மடங்கு பிசகிவிடும்.

எந்த ஷஃபான்?

கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் ஒரு கடன் பத்திரம் வந்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஷஃபான் மாதத்தில் கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. எந்த ஷஃபான், இந்த வருடத்ததா, வேறு வருடத்ததா என்று அவர்கள் கேட்டார்கள். யாராலும் சொல்ல முடியவில்லை. அதன்பின் தோழர்களோடு ஆலோசித்து, நபி (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத்தை முதலாகக் கொண்டு ஆண்டுக் கணக்கை ஏற்படுத்தினார்கள். தேதி இல்லாத பத்திரத்துக்குச் சொன்னது தேதி இல்லாத படத்துக்கும் பொருந்தும்.

படத்தைச் சேமிக்கும் வழிகள்

1. கைபேசியில் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். "படத்தைப் பதிவிறக்கு" என்று வந்தால் அது தனிப் படக் கோப்பு. ரேடார் படங்கள் பெரும்பாலும் இந்த வகை. சிறிது நேரத்தில் அதே இடத்தில் புதுப் படம் வந்துவிடும். பழையதைப் பிறகு தேடினால் கிடைப்பது கடினம். வேண்டுமென்றால் அப்போதே சேமிக்க வேண்டும்.

2. அழுத்தியும் ஒன்றும் வரவில்லை என்றால், அந்த வரைபடம் எண்களைக் கொண்டு அங்கேயே வரையப்படுவதாக இருக்கலாம். அதன் வலது மேல் மூலையில் மூன்று கோடுகளோ, கேமரா குறியோ, கீழ்நோக்கிய அம்புக்குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் தொட்டால் பல தளங்களில் பிஎன்ஜி, பிடிஎஃப் என்று வடிவத்தைத் தேர்ந்தெடுத்து இறக்கிக்கொள்ளலாம்.

3. அப்படி எதுவும் இல்லை என்றால், கணினியில் பக்கத்தையே பிடிஎஃப் ஆக்கலாம். குரோமில் கன்ட்ரோல், பி இரண்டையும் சேர்த்து அழுத்தி, பிரிண்டருக்குப் பதிலாக "பிடிஎஃப் ஆகச் சேமி" என்பதைத் தேர்ந்தெடுங்கள். கூடுதல் அமைப்புகளில் தலைப்பு, அடிக்குறிப்பு என்ற பெட்டியில் டிக் செய்தால், எடுத்த தேதியும் இணைய முகவரியும் தாளிலேயே பதிவாகும். பின்னணி வரைகலை என்ற பெட்டியிலும் டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் வரைபடத்தின் நிறங்கள் விட்டுப்போகலாம்.

4. பக்கத்தில் ஒரு பட்டியல் மட்டும் வேண்டும் என்றால் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி எளிது. வலது பொத்தானை அழுத்தி ஸ்கிரீன்ஷாட் என்பதைத் தேர்ந்தெடுத்து, பட்டியலின் மேல் அம்பை வைத்தால் அந்தப் பகுதியைக் கட்டம் கட்டிக் காட்டும். கிளிக் செய்து சேமிக்கலாம். முழுப் பக்கத்தையும் ஒரே படமாக எடுக்கவும் அதில் வழி உண்டு.

5. கைபேசி ஸ்கிரீன்ஷாட்தான் எடுக்க முடியும் என்றால், மேலே உள்ள இணைய முகவரியும் பட்டியலின் தலைப்பும் சேர்ந்து விழும்படி எடுங்கள். கைபேசியின் கடிகாரம் காட்டுவது நீங்கள் எடுத்த நேரம். மழை அளந்த நேரம் பட்டியலின் தலைப்பில் இருக்கும். இரண்டும் வேறு.

எழுத்தும் கோடும் உள்ள படத்தை ஜேபிஜியை விட பிஎன்ஜி வடிவில் வைப்பது நல்லது. ஜேபிஜியில் எழுத்தின் ஓரம் மங்கும். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அது மேலும் சுருக்கிவிடும். "ஆவணம்" என்று அனுப்பினால் எண்கள் தெளிவாக இருக்கும்.

அனுப்பும் முன்

நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த ஊர்? எந்த நாள், எந்த மணி முதல் எந்த மணி வரை? எந்த அளவு? யார் வெளியிட்டது? பதில் படத்தில் இருந்தால் வெட்டாமல் அனுப்புங்கள். இல்லாவிட்டால் படத்தின் கீழ் ஒரு வரி எழுதுங்கள். இரண்டும் முடியாவிட்டால் அனுப்பாதீர்கள். மாவட்ட மழைப் பட்டியலில் நம் கெடாருக்கும் தனி வரி உண்டு. நம் ஊர் மழையை வேறு ஊர் வரியைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

பட்டா, தேர்வு முடிவு போன்றவற்றுக்கு ஸ்கிரீன்ஷாட் போதாது. அந்தந்தத் தளம் தரும் பிடிஎஃபையே இறக்கி வையுங்கள். நிவாரணப் பட்டியல் எதையும் பொதுக் குழுவில் போடும் முன் பெயர், ஆதார் எண், கைபேசி எண் ஆகியவற்றை மறைத்துவிடுங்கள். உதவி பெறுபவரின் மானமும் நம்மிடம் உள்ள அமானிதம்தான்.

வெள்ள நேரத்தில் எந்தத் தெருவுக்கு முதலில் சாப்பாடு அனுப்புவது, யாரைப் பள்ளிவாசலுக்கு அழைத்து வருவது என்பதை மக்கள் கைக்கு வரும் தகவலை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். வரும் செய்தியைத் தீர விசாரித்துக்கொள்ளும்படி ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. நாம் அனுப்பும் ஒவ்வொரு படமும் ஒரு சாட்சியம். வீட்டில் கைபேசி நன்கு பழகிய பிள்ளைகள் இந்த ஐந்து வழிகளையும் பெரியவர்களுக்கு ஒருமுறை செய்து காட்டட்டும். அடுத்த மழைக்கு முன் கற்றுக்கொண்டால் இன்ஷா அல்லாஹ் பயன்படும்.

அல்லாஹ் நம் ஊரையும் அக்கம்பக்கத்து ஊர்களையும் எல்லா ஆபத்துகளிலிருந்தும் காப்பானாக. ஆமீன்.