பட்டனை அழுத்தினால் விண்டோ உறைந்துவிடுகிறதா?

பைத்தான் பழகுபவர்களுக்குக் கறுப்புத் திரையில் விடை வந்ததும், அடுத்து பட்டன் வைத்த விண்டோ ஒன்றை உருவாக்க ஆசை வரும். விண்டோஸில் பைத்தானை நிறுவும்போதே டிகின்டர் சேர்ந்து வந்துவிடும். (உபுண்டுவில் அதற்கான பேக்கேஜைத் தனியே நிறுவ வேண்டியிருக்கும்.)

கேமரா மெமரி கார்டிலுள்ள 500 போட்டோக்களை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்ய ஒரு புரோகிராம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பட்டனை அழுத்துகிறீர்கள். அது அழுந்தியபடியே நின்றுவிடுகிறது. மேல் பட்டையில் "நாட் ரெஸ்பாண்டிங்" என்று வருகிறது. பயந்துபோய் டாஸ்க் மேனேஜரில் எண்ட் டாஸ்க் கொடுத்துவிடாதீர்கள்! உள்ளே காப்பி ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருக்கும். நடுவில் நிறுத்தினால் ஏதாவதொரு படம் பாதியில் நின்றுபோகும். அது தெரியாமல் கார்டை அழித்துவிட்டால் அந்தப் படம் போனது போனதுதான்.

ஏன் இப்படி? டிகின்டரின் மெயின்லூப் ஒற்றை ஆள் நடத்தும் டீக்கடை மாதிரி. டீ ஆற்றுவதும் அவரே, காசு வாங்குவதும் அவரே. நீங்கள் எழுதிய ஃபார் லூப் 500 படங்களையும் முடிக்கும்வரை மவுஸ் கிளிக்கைக் கவனிக்க ஆளில்லை. சுமார் 5 விநாடி பதில் வராவிட்டால் விண்டோஸ் அந்தச் செய்தியைக் காட்டிவிடும்.

இதற்கு வழி எளிது. ஃபார் லூப்பை எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு படத்தை மட்டும் காப்பி செய்யும் ஃபங்ஷன் எழுதி, அதன் கடைசி வரியில் ஆஃப்டர் கட்டளை மூலம் 10 மில்லி விநாடி கழித்து அதே ஃபங்ஷனை மறுபடி அழைக்கச் சொல்லுங்கள். படங்கள் தீர்ந்ததும் அழைப்பை நிறுத்த ஒரு இஃப் போதும். இடைவெளியில் மெயின்லூப் விண்டோவைக் கவனித்துக்கொள்ளும். பாதியில் விண்டோவை மூடினாலும், கையிலிருக்கும் படம் முழுதாக முடிந்தபிறகே மூடும்.

புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆஃப்டரிலும் சரி, பட்டனின் கமாண்டிலும் சரி, ஃபங்ஷன் பெயரை மட்டும் கொடுக்க வேண்டும். பின்னால் அடைப்புக்குறி போட்டால் ஃபங்ஷன் அந்த நொடியே ஓடிவிடும். பட்டனை அழுத்தாமலே காப்பி தொடங்கிவிட்டது என்றால் காரணம் இதுதான்.

இன்னொன்று: விண்டோ இப்போது உறையாது என்பதால் பட்டனை இரண்டாம் முறையும் அழுத்த முடியும். எனவே வேலை தொடங்கியதும் பட்டனின் ஸ்டேட்டை டிஸேபிள்டு ஆக்கிவிடுங்கள்.

பெரிய வீடியோ ஃபைல் என்றால் இந்த முறை போதாது. ஒரு ஃபைலே பல விநாடி பிடிக்குமே! அதற்குத் திரெட் வேண்டும். ஆனால் திரெட்டுக்குள்ளிருந்து லேபிள், பட்டன் எதையும் தொடாதீர்கள். தகவலை ஒரு க்யூவில் போட்டுவிட்டு, ஆஃப்டர் மூலம் மெயின்லூப் பக்கத்திலிருந்து எடுத்துக் காட்டுங்கள்.