ஒரே மோடத்திற்கு இரு வேகங்கள் ஏன்?

1990-களின் இறுதியில் விற்பனைக்கு வந்த பல மோடம்களில், ‘வினாடிக்கு 56,000 பிட்’ என்றும், ‘ஃபேக்ஸ் 14,400 பிட்’ என்றும் இரு வேகங்கள் குறிக்கப்பட்டிருந்தன. கருவி ஒன்று, தொலைபேசிக் கம்பியும் ஒன்று. பின் வேகம் மட்டும் ஏன் வேறுபடுகிறது?

கணிப்பொறிக்குத் தெரிந்தவை 0, 1 என்ற இரு குறிகளே. சாதாரணத் தொலைபேசி இணைப்போ ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்குரிய அலைகளையே கடத்தும். எனவே குறிகளை அலையின்மேல் ஏற்றி அனுப்பவும், மறுமுனையில் பிரித்தெடுக்கவும் மோடம் தேவைப்படுகிறது.

ஃபேக்ஸில் ஒரு பக்கம் கறுப்பு, வெள்ளைப் புள்ளிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு வரிக்கு 1,728 புள்ளிகள். ஏ4 தாளில் சுமார் 1,143 வரிகள். பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 20 லட்சம் பிட்! இதை அப்படியே அனுப்பினால், 14,400 பிட் வேகத்திலும் இரண்டு நிமிடங்களுக்கு மேலாகும். ஆகவே புள்ளிகளை ஒவ்வொன்றாக அனுப்பாமல், ‘இத்தனை வெள்ளை, இத்தனை கறுப்பு’ என்று தொகுத்துக் குறியீடாக அனுப்புகிறார்கள். முழுதும் வெள்ளையான ஒரு வரியின் 1,728 புள்ளிகளைச் சொல்ல 17 பிட்டுகளே போதும்!

சரி, வேறு வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றையொன்று எவ்வாறு புரிந்துகொள்கின்றன? அழைக்கும் கருவி 1,100 ஹெர்ட்ஸ் ஒலியை விட்டுவிட்டு எழுப்பும். மறுமுனை 2,100 ஹெர்ட்ஸ் ஒலியால் விடையளிக்கும். பிறகு அது தன் திறன்களை வினாடிக்கு 300 பிட் என்ற மெதுவான வேகத்தில் தெரிவிக்கும். இந்த வேகம் இவ்வகைக் கருவிகள் அனைத்திற்கும் பொது. இரண்டுக்கும் பொதுவான மிக உயர்ந்த வேகத்தில், ஒன்றரை வினாடி நேரம் வெறும் 0-களை அனுப்பிச் சோதனை நடக்கும். பிழை மிகுந்தால் 14,400-லிருந்து 12,000, 9,600 என வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும்.

இப்போது விடை எளிது. 56,000 பிட் வேகம், மறுமுனை இலக்கமுறையில் இணைந்திருக்கும்போது, அங்கிருந்து நம்மை நோக்கி வரும் செய்திக்கு மட்டுமே உரியது. ஃபேக்ஸ் வேகமோ, 1991-இல் ஏற்கப்பட்ட ‘வி.17’ என்ற தனி விதிக்கு உட்பட்டது. 33,600 பிட் ஃபேக்ஸ் விதி பின்னர் வந்தது. ஆனால் அதை இரு முனைக் கருவிகளும் அறிந்திருக்க வேண்டும். மாட்டு வண்டியில் பூட்டிய இரு காளைகளைப் போலத்தான். மெதுவாக நடக்கும் காளையே வண்டியின் வேகத்தைத் தீர்மானிக்கிறது!

ஒரு பயிற்சி: இணைப்பு மோசமாகி வேகம் 2,400 பிட்டாகக் குறைந்தால், தொகுக்காத அதே பக்கத்தை அனுப்ப எத்தனை நிமிடங்கள் ஆகும்? கணக்கிட்டுப் பாருங்கள். புள்ளிகளைத் தொகுப்பதன் அருமை புரியும்.