சூரிய பம்புக்கு ஏற்ற சர்க்யூட் பிரேக்கர்

புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டுக்குக் காய்கறி கொண்டுவரும் குடியானவர்கள், ஊர் திரும்புமுன் பம்புச் சாமான்களையும் வாங்கிச் செல்வதுண்டு. 2019-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய குஸும் திட்டத்தின்கீழ்ச் சூரிய பம்பு பெற்றோர், பிரேக்கர் வாங்குகையில் ஜாக்கிரதையாயிருத்தல் வேண்டும். வீட்டுக்குரிய ஏ.ஸி. பிரேக்கரும் சூரிய பம்புக்குரிய டி.ஸி. பிரேக்கரும் பார்வைக்கு ஒன்றேபோலிருக்கும்.

பிரேக்கர் விடுபடுகையில் அதன் முனைகளுக்கிடையே தீப்பொறி நீளும். நமது ஏ.ஸி. மின்சாரம் வினாடிக்கு 100 முறை சூன்யமாவதால் பொறி எளிதில் அவியும். சூரியப் பலகைகள் தரும் டி.ஸி. அவ்வாறு சூன்யமாவதில்லை, பொறி நின்றெரிந்து பிரேக்கரை உருக்கிப் பெட்டியையும் கொளுத்தக்கூடும். டி.ஸி. பிரேக்கரிலோ பொறியை இழுத்துத் தகடுகளிடையே துண்டாக்கி அணைக்கும் அறை உண்டு. பொறியை அங்கே தள்ளக் காந்தம் வைத்த சிலவகைகளில் + – மாறினால் பொறி எதிர்ப்புறம் ஓடும். மேலே அச்சிட்ட குறிப்படியே கம்பி பூட்டுக.

வோல்ட்டும் கவனிக்கத்தக்கது. 45 வோல்ட் பலகைகள் பத்தைத் தொடுத்தால் 450. மார்கழிக் காலைக் குளிரில் அதற்கும் மேல் ஏறும். 250 வோல்ட் பிரேக்கர் இதற்குப் பற்றாது.

பிரேக்கரை நிறுத்திய பின்னும் பகலில் பலகைப் பக்கத்துக் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். அதனைத் தொடலாகாது.