துண்டு வெட்டி விட்ட பிறகு

நல்லூர்

அன்புள்ள பெறாமகளுக்கு,

தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு மாற்றம் வந்ததைப் பற்றி நீ எழுதிய கடிதம் கிடைத்தது. "சுகமாகி வீட்டை போற ஆக்களைப் பாக்கத்தான் பெரியம்மா நான் இந்த வேலைக்கு வந்தனான். இஞ்ச கனபேர் சுகமாகாத ஆக்கள். அவையின்ர கட்டிலடியில நிண்டு நான் என்ன செய்யிறது?" என்று கேட்டிருக்கிறாய். மாற்றம் வேண்டாமென்று எழுதிக் கொடுக்கும் யோசனையும் உனக்கு இருக்கிறது போலத் தெரிகிறது. அதை விட்டுவிடு, பிள்ளை. வாட்டிலேயே வயது போனவள் நான். நேர்ஸின் கை எங்கே ஆகக் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று கேட்டால், அந்தக் கட்டிலடியைத்தான் காட்டுவேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. "இனி வீட்டில வைச்சுப் பாருங்கோ" என்று டொக்டர் சொல்லித் துண்டு வெட்டினால், ஆஸ்பத்திரி கைவிட்டுவிட்டது என்றுதான் சனம் எடுத்துக்கொள்கிறது. ஓட்டோவில் ஏற்றி வருவார்கள். முன்னறையில் கட்டில் போடுவார்கள். சொந்தக்காரர் வந்து பார்த்து, தேத்தண்ணி குடித்து, பெருமூச்சு விட்டுப் போவார்கள். நோவில் அனுங்குகிற மனிசனுக்குப் பனடோலைத் தவிர வேறொன்றும் வீட்டில் இராது. நோயை மாற்றுகிற மருந்து முடிந்திருக்கலாம். நோவுக்கும், மூச்சுத் திணறலுக்கும், சத்திக்கும், புண்ணுக்கும், நித்திரையின்மைக்கும், பயத்துக்கும் மருந்து முடியவில்லை. அந்த ஆளைத் துண்டு வெட்டி அனுப்பும்போது நீ வாசல்வரை போய்ச் சொல்லிக் கொடுக்கும் பத்து நிமிஷம் அந்த வீட்டின் கடைசி மாதத்தையே மாற்றும்.

நீ வேலை செய்யும் கட்டடம் எப்படி வந்தது என்பது உனக்குத் தெரிந்திருக்கும். 2011 ஜூலையில் நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவேயும் முன்னின்று, தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்தார்கள். வழிநெடுகச் சிங்களச் சனமும் தமிழ்ச் சனமும் முஸ்லிம் சனமும் கொடுத்த காசு அந்தக் கட்டடத்தில் இருக்கிறது. 2013 இல் வைத்தியசாலை திறந்தது. அதற்கு முந்திய காலத்தை நினைத்துப் பார். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டியபோது, மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் நோயாளருக்குக் கப்பலும் விமானமும்தான் வழி. அதற்கும் அனுமதி எடுக்க வேண்டும். இப்போது சிகிச்சை ஊருக்குள் வந்துவிட்டது. சுகமாகாதவரின் வீட்டு விறாந்தை வரைக்கும் அது இன்னும் போய்ச் சேர வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உன் வயசுப் பிள்ளைகளுக்கு இது கதையாகத்தான் தெரியும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே போருக்குப் பயந்து எழும்பி நாவற்குழிப் பாலம் கடந்தது. மழையில், சைக்கிள் கரியரிலும் தள்ளுவண்டியிலும் வயசாளிகளைக் கொண்டுபோனார்கள். வழியிலே சீவன் போனவர்கள் உண்டு. பதினாலு வருஷம் கழித்து வன்னியில் நடந்ததை நான் எழுதத் தேவையில்லை. கையைப் பிடித்திருக்க ஒருவரும் இல்லாமல், வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட ஆளில்லாமல் இந்த மண்ணில் எத்தனை பேர் போனார்கள். அப்படிப்பட்ட சனத்துக்கு இன்றைக்குத் தன் வீட்டில், தன் கட்டிலில், பிள்ளைகள் சுற்றி இருக்கக் கண்மூடக் கிடைக்கிறதென்றால் அது பெரிய பேறு. அந்தப் பேற்றை நோவும் பயமும் தின்ன விடக்கூடாது. நான் இந்தக் கடிதம் எழுதுவதே அதற்குத்தான்.

சுகமாகாதவரைப் பராமரிக்கும் இந்த வேலைக்கு இன்றைய உருவம் கொடுத்தவரும் முதலில் ஒரு நேர்ஸ்தான் என்பதை நினைவில் வை. சிசிலி சோண்டர்ஸ். முதுகு வருத்தத்தால் நேர்ஸ் வேலையை விட்டு, ஆஸ்பத்திரியில் சமூக சேவையாளராகி, அங்கே போலந்திலிருந்து அகதியாக வந்த ஒரு யூத நோயாளியோடு பழகினார். டேவிட் தாஸ்மா என்ற அந்த மனிசன் 1948 இல் சாகும்போது, நீ கட்டப்போகும் வீட்டில் என் பேரில் ஒரு ஜன்னல் இருக்கட்டும் என்று 500 பவுண் எழுதி வைத்தார். டொக்டராக இல்லாவிட்டால் தன் சொல் எடுபடாது என்று சோண்டர்ஸ் அதன்பிறகு மருத்துவம் படித்தார். 1967 இல் லண்டனில் அவருடைய சென் கிறிஸ்தோபர் இல்லம் திறந்தது. உடம்பு நோவோடு மனநோவும், வீட்டுக் கவலையும், கடவுளோடுள்ள வழக்கும் சேர்ந்ததே ஒருவரின் முழு நோவு என்று அவர் படிப்பித்தார்.

இனி மோர்பின். இதில்தான் நீ ஆகக் கூடுதலாக வாதாட வேண்டிவரும். "அதைக் குடுத்தா ஆள் கெதியாப் போயிடும், மிஸ்ஸி" என்பார்கள். "பழகிப்போகும்" என்பார்கள். குளிசையை வாங்கிக்கொண்டு போய் அலுமாரியில் பூட்டி வைத்து, தாங்க முடியாமல் கத்தும்போது மட்டும் ஒன்றைக் கொடுப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 1986 இலேயே படிப்படியாக நோவு மருந்து கொடுக்கும் முறையை வகுத்து, கடும் புற்றுநோய் நோவுக்கு மோர்பினை வைத்தது. நோவுக்காக, டொக்டர் எழுதிய அளவில், சிறுகக் கூட்டிக் கொடுக்கும் மோர்பின் ஆளைக் கொல்லாது. நோவுக்கு எடுப்பவர் அதற்கு அடிமையாவதும் அரிது. சாதாரண மோர்பின் வேலை செய்வது ஏறத்தாழ நாலு மணித்தியாலம். ஆகவே நோவு வந்த பிறகு துரத்தாமல், வரமுதல் நேரத்துக்கு நேரம் கொடுக்க வேண்டும், சாமத்திலும் கூட. முதல் இரண்டு மூன்று நாள் நித்திரை தூங்கி விழுவார், வயிற்றைப் பிரட்டும். அது அடங்கும். மலச்சிக்கல் மட்டும் அடங்காது, ஆகவே முதல் நாளிலிருந்தே வயிறு இளக்கும் மருந்தையும் சேர்த்து எழுதுவித்துக் கொடு. கிட்னி பழுதான ஆளென்றால் டொக்டருக்கு நினைவுபடுத்து. இதையெல்லாம் வாயால் சொல்லி அனுப்பாதே. ஒரு தாளில் தமிழில், மணித்தியாலம் போட்டு எழுதி, கட்டில் தலைமாட்டுச் சுவரில் ஒட்டச் சொல்லு.

மார்பிலும் கழுத்திலும் வெடித்த புண் மணக்கும்போது வீட்டுக்காரர் சாம்பிராணி போடுவார்கள். பேரப்பிள்ளைகளை அறைக்குள் விடமாட்டார்கள். படுத்திருப்பவருக்கு அது விளங்கும். நோவைவிட அந்த ஒதுக்கல்தான் அவரைக் கொல்லும். மெட்ரோனிடசோல் குளிசையைத் தூளாக்கிப் புண்ணில் தூவினால் மணம் குறையும் என்பது உனக்குத் தெரியும். டொக்டரிடம் கேட்டு அதைச் செய். பிள்ளைகள் திரும்பக் கட்டிலடிக்கு வருவார்கள்.

அடுத்தது, சொல்வதா விடுவதா என்பது. "அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்று மகள் உன் கையைப் பிடிப்பாள். அப்பாவோ அவள் தண்ணி எடுக்கப் போன நேரம் பார்த்து, "பிள்ளை, எனக்கு எவ்வளவு காலம்?" என்று கேட்பார். இருவருக்கும் தெரியும், இருவரும் மறைக்கிறார்கள். நீ பொய் சொல்லாதே. உண்மையைத் தூக்கித் தலையில் போடவும் வேண்டாம். "உங்களுக்கு என்ன மாதிரித் தெரியுது, ஐயா?" என்று கேட்டுவிட்டுக் கதிரையை இழுத்துப்போட்டு இரு. அவர் எவ்வளவு தூரம் கேட்க விரும்புகிறாரோ அவ்வளவு தூரம் மட்டும் போ. முடிக்க வேண்டிய வேலை அவருக்கு இருக்கும். காணி உறுதி எழுத வேண்டும். வருஷக்கணக்காகக் கதைக்காத தம்பியைக் கூப்பிட வேண்டும். ஒருவருக்கு நல்லூர்க் கந்தனின் தேரை இன்னொருதரம் பார்க்க வேண்டும். எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு வாத்தியாரைப் பிள்ளைகள் கதிரையோடு தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார்கள். தனக்குக் காலம் குறைவு என்று தெரிந்தபடியால்தான் அவர் வாய் திறந்து அதைக் கேட்டார்.

வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோவிலிருந்து மகன் சாமத்தில் வட்ஸ்அப்பில் வருவான். "கொழும்புக்குக் கொண்டு போங்கோ, காசு எவ்வளவெண்டாலும் அனுப்புறன்" என்று கத்துவான். கூட இருந்து பார்க்கும் தங்கச்சி குற்றவாளி போல நிற்பாள். அவனில் கோபப்படாதே. விசா இல்லாமலோ, லீவு இல்லாமலோ வர முடியாதவனுக்குக் காசு அனுப்புவது ஒன்றுதான் கையில் இருக்கிறது. குடும்பம் கேட்டால் நீயே டொக்டரைக் கொண்டு அவனோடு ஒருதரம் கதைப்பி. "அப்பா கொழும்புப் பயணத்தைத் தாங்கமாட்டார், கொண்டுபோனாலும் இதே மருந்துதான்" என்று டொக்டர் வாயால் கேட்டால் அவன் அடங்குவான். பிறகு அவனுக்கும் ஒரு வேலை கொடு. பின்னேரத்தில் அப்பாவின் காதடியில் போனை வைத்தால் அவன் பழைய கதை சொல்லட்டும், தேவாரம் படிக்கட்டும். கடைசி நேரத்திலும் காது கேட்கும் என்றுதான் நாங்கள் வைத்துக்கொள்கிறோம். அந்தக் குரல் தகப்பனுக்கும் வேண்டும், மகனுக்கும் வேண்டும்.

கடைசி நாட்கள். சாப்பாடு நிற்கும். "பட்டினி போட்டுச் சாகடிக்கிறமோ" என்று மனிசி அழுவாள். சாப்பிடாததால் சாகவில்லை, சாகிற உடம்பு சாப்பாட்டைக் கேட்பதில்லை என்று அமைதியாகச் சொல்லு. சேலைன் ஏற்றச் சொல்லி நிற்பார்கள். அந்த நிலையில் ஏற்றும் தண்ணீர் காலிலும் நெஞ்சிலும் கட்டி மூச்சைத்தான் சிரமப்படுத்தும். கை கால் குளிரும், தோல் நீலம் பாரிக்கும், மூச்சு நின்று நின்று வரும். சேடம் இழுக்கும்போது கேட்பவருக்கு ஈரக்குலை நடுங்கும். அந்தச் சத்தம் படுத்திருப்பவரை வருத்துவதில்லை என்று சொல்லி, ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்துக் காட்டு. எங்கள் சனம் பால் பருக்கும். அதைத் தடுக்காதே. கரண்டியால் ஊற்றினால் மட்டும் புரையேறும். பஞ்சில் நனைத்து உதட்டில் தொட்டு விடச் சொல்லு. வழக்கமும் காக்கப்படும், மூச்சும் அடைக்காது. சிவபுராணம் படிக்கட்டும், செபமாலை சொல்லட்டும், குர்ஆன் ஓதட்டும். நீ ஓரமாக நில்.

கிளினிக் கொப்பியும் மருந்துத் துண்டுகளும் ஒரு பையில் கைக்கெட்ட இருக்கட்டும் என்று முன்கூட்டியே சொல்லி வை. வீட்டில் சீவன் போனால் கிராம சேவையாளரிடம் போக வேண்டும் என்பதையும் சொல்லு. இது தெரியாமல்தான், இறந்த ஆளை ஓட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, பிறகு விசாரணை என்று பிள்ளைகள் அலைகிறார்கள்.

கட்டிலில் கிடப்பவரை எல்லாரும் பார்க்கிறார்கள், அவரைப் பார்ப்பவளை ஒருவரும் பார்ப்பதில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டிப் போடுகிறவள், மலசலம் எடுக்கிறவள், மாதக்கணக்காய் நித்திரை கொள்ளாதவள். "நீங்கள் சாப்பிட்டீங்களோ அக்கா?" என்று அவளைக் கேள். எட்டுச் செலவுக்குப் பிறகு வீடு வெறுமையாகும். அந்தியேட்டி முடிந்த கையோடு ஒருநாள் எட்டிப் பார். இனி வரத் தேவையில்லாத வீட்டுக்கு நீ போவதை அவர்கள் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள்.

இவ்வளவையும் நீ ஒருத்தி எப்படிச் செய்வாய் என்று கேட்பாய். முடியாதுதான். கொழும்புப் பக்கம் சுகமாகாதவரைப் பராமரிக்க இலங்கை புற்றுநோய்ச் சங்கத்தின் சாந்த செவன இல்லம் இருக்கிறது. அப்படி ஓர் இல்லம் எங்கள் பக்கமும் நல்லது. ஆனால் எங்களுக்குத் தோதான பாடம் கேரளத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். 1993 இல் கோழிக்கோட்டில் டொக்டர் ராஜகோபாலும் டொக்டர் சுரேஷ்குமாரும் மருத்துவக் கல்லூரியில் இந்த வேலையை ஒரு சின்னக் கிளினிக்காகத் தொடங்கினார்கள். பிறகு மலப்புறம் பக்கம் அது ஊர்ச்சனத்தின் வேலையாக மாறியது. வாரத்தில் இரண்டு மணித்தியாலம் ஒதுக்கக்கூடிய கடைக்காரர், வாத்தியார், ஓட்டோக்காரர், வீட்டுப் பெண்கள் பயிற்சி எடுத்து வீடுகளுக்குப் போனார்கள். மருந்து நேர்ஸின் கையில், மற்றதெல்லாம் ஊரின் கையில். 2008 இல் அதையே கேரள அரசு தன் கொள்கையாக எடுத்தது. எங்கள் ஊர்களில் சனசமூக நிலையம் இல்லாத இடம் எது? பேப்பர் வாசிக்கவும் விளையாட்டுப் போட்டி வைக்கவும் அங்கே கூடும் பிள்ளைகளுக்கு இதையும் செய்ய முடியும்.

நல்லூர்த் திருவிழா முடிந்து கொடியிறக்கிய பிறகு, எங்கள் சனசமூக நிலையத்தில் சிலரைக் கூப்பிட்டு இருத்துகிறேன் என்று தலைவரிடம் சொல்லிவிட்டேன். பெண்களும் வருவார்கள். ஆளை எப்படிப் புரட்டுவது, வாய் எப்படித் துடைப்பது, படுக்கைப் புண் வராமல் எப்படிப் பார்ப்பது என்று நீ செய்து காட்ட வேண்டும். ஒரு சனிக்கிழமைக்கு லீவு போட்டுவிட்டு, எந்தச் சனிக்கிழமை என்று எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியம்மா